எட்டாவது இடம்

கல்லூரி நீச்சல் அணியில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. தலையில் அடிபட்டதை மறைத்துக்கொண்டு நீந்திய தோழியைப் பற்றித் தக்க சமயத்தில் போய்ச் சொல்லி, அவளை ஆபத்திலிருந்து காப்பாற்றியவள் என்ற பெயர். எங்கள் கோச் புதிதாகச் சேரும் மாணவிகளிடம் இதைச் சொல்வது வழக்கம். அம்மா மதுரையில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லிவிட்டாள். அடிபட்டது உண்மை. நான் போய்ச் சொன்னது உண்மை. அதனால் அவளுக்கு ஓய்வு கிடைத்துக் குணமானதும் உண்மை. நான் ஏன் அன்றைக்குச் சொன்னேன், ஏன் அதற்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி. கலை நீச்சல் என்றால், "தண்ணிக்குள்ள பரதநாட்டியமாடி?" என்று அம்மாவே கேட்டவள்தான். 2017 வரை அதன் அதிகாரபூர்வமான பெயர் சிங்க்ரனைஸ்டு ஸ்விம்மிங். குளத்தில் கிடப்பவர்கள் இன்றும் ‘சிங்க்ரோ’ என்றுதான் சொல்கிறோம். எட்டுப் பேர் ஒரே இசைக்கு, ஒரே எண்ணிக்கைக்கு, ஒருத்தியின் கை இன்னொருத்தியின் மேல் படுகிற நெருக்கத்தில் நீந்த வேண்டும். குளத்தின் தரையைக் காலால் தொடக் கூடாது. மேலே ஒருத்தி அந்தரத்தில் பறக்கிறாள் என்றால், கீழே அவளைத் தூக்கி எறிகிறவர்கள் எதன்மீதும் நின்றுகொண்டிருக்கவில்லை. இரண்டு கால்களையும் எதிரெதிர்த் திசையில் சுழற்றிக்கொண்டே மிதப்பதற்கு ‘எக்பீட்டர்’ என்று பெயர். தலைகீழாக நிற்கும்போது முன்கைகளால் தண்ணீரைத் துழாவிக் கால்களை உயரே நிறுத்துவது ‘ஸ்கல்லிங்’. பார்வையாளருக்குத் தெரிவது சிரிப்பும் உதட்டுச் சாயமும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலையெல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழே.

இது கல்லூரிப் பெண்கள் வளர்த்த விளையாட்டு. காதரின் கர்ட்டிஸ் என்ற ஆசிரியை 1923-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நீர் பாலே குழு ஒன்றைத் தொடங்கினார். 1930-களில் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய மாணவிகள் நீந்திக் காட்டியபோது, அறிவிப்பாளராக இருந்த நார்மன் ராஸ் வைத்ததுதான் அந்தப் பழைய பெயர். 1939-ல் அதே ஊரில் இரண்டு கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதின. ஒலிம்பிக்கில் நுழைய 1984 ஆகிவிட்டது. அமெரிக்காவில் இதற்கு முழு அணி வைத்திருக்கும் கல்லூரிகள் இன்றும் மிகக் குறைவு. கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் 30 முறைக்கு மேல் வென்றிருக்கிறது ஒஹாயோ ஸ்டேட். ஒலிம்பிக் வீராங்கனைகளை உருவாக்கிய ஸ்டான்ஃபோர்டு, 2020-ல் பணமில்லை என்று நிறுத்தப்போவதாக அறிவித்த 11 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. பழைய மாணவர்கள் போராடி, விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வழக்குப் போட்டு, மறு ஆண்டு அந்த முடிவைத் திரும்பப் பெற வைத்தார்கள். அணிகளே இவ்வளவுதான். அவற்றில் தண்ணீருக்குள் எட்டு இடம். அந்த எட்டில் ஒன்று ஒருத்தியை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று தெரிய, இந்தக் கணக்கு முதலில் தெரிய வேண்டும்.

நான் ‘வாக்-ஆன்’. உதவித்தொகை கொடுத்து அழைத்து வரப்பட்டவள் அல்ல. கல்லூரியில் சேர்ந்த பிறகு தேர்வுக்குப் போய் நின்று உள்ளே நுழைந்தவள். சின்ன வயதில் அமெரிக்கா வந்து, பள்ளியில் வேக நீச்சல் நீந்தி, பிறகு ஊர் கிளப்பில் சிங்க்ரோ கற்றுக்கொண்டவள். மற்றவர்களில் பலர் ஏழெட்டு வயதிலேயே மூக்கில் க்ளிப் மாட்டியவர்கள். தேர்வில் கோச் என் எக்பீட்டரைப் பார்த்துவிட்டு, "உன் கால்கள் வலுவாக இருக்கின்றன, காது இன்னும் வரவில்லை" என்றார். இசையை நான் அரை நொடி தாமதமாகக் கேட்கிறேன் என்று அர்த்தம். தண்ணீருக்குள்ளும் ஒலிபெருக்கி உண்டு. காற்றைவிட நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஒலி அங்கே வந்து சேரும். தாமதம் என்னுடையதுதான்.

சேர்ந்த வாரம் முழுக்கக் காகிதங்கள். மருத்துவப் பரிசோதனை, படிப்புத் தகுதி, விதிமுறைகள். சீசனில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நாள் விடுமுறை கட்டாயம் என்பது விதி. ஈரத் தலையோடு வகுப்புக்கு ஓடுவதும், கலையாமலிருக்கத் தடவிய ஜெலட்டின் காய்ந்து ஒட்டிய முடியை வெந்நீரில் கரைப்பதும், கரையில் நின்று கைகளையே கால்களாக்கி அசைத்து ஒத்திகை பார்க்கும் ‘லேண்ட் டிரில்’லும் அந்தக் கணக்கில் எவ்வளவு வரும் என்பது வேறு விஷயம். அந்தக் காகிதங்களில் ஒன்று கன்கஷன் பற்றியது. தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதுதான் கன்கஷன். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, மறதி என்று அறிகுறிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவக் குழுவிடம் சொல்வது என் பொறுப்பு என்று அதில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து வாங்கிய கூட்டத்தில் எங்கள் அணிக்கு இன்னொன்றும் சொன்னார்கள்: உங்களுக்கு அடிபட்டால் மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவளுக்கு அடிபட்டதைப் பார்த்தாலும் சொல்லுங்கள். தலையசைத்தேன். தலைக்கவசம் இல்லாத விளையாட்டு இது. எட்டு ஜோடிக் கால்கள் நெருக்கத்தில் சுழலும்போது ஒரு குதிகால் ஒரு நெற்றிப்பொட்டில் பட நொடி போதும்.

அவளுடைய பெயரைச் சொல்லமாட்டேன். உயரமானவள், கை நீளம், எண்ணிக்கை பிசகாதவள். கோச் குளத்தின் இரும்பு ஏணியில் தட்டித் தாளம் கொடுக்கும்போது, அந்தத் தட்டு என் காதுக்கு வருவதற்குள் அவள் தோள் அசைந்திருக்கும். வரிசையில் எனக்குப் பக்கத்து இடம் அவளுடையது. இசையைக் கேட்பதை விட்டுவிட்டு நான் அவளைப் பார்த்து நீந்தக் கற்றுக்கொண்டேன். என் தாமதம் குறைந்தது. கோச் பாராட்டினார். அந்தப் பாராட்டில் பாதி அவளுடையது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

குளிர்காலப் பயிற்சியில் ஒரு காலை, வரிசை மாறும் இடத்தில் நான் என் தடத்திலிருந்து விலகிவிட்டேன். எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிடிப்பதற்காக வேகமாக உதைத்தேன். என் குதிகால் எதிலோ பலமாக மோதியது. மேலே வந்தபோது அவள் கன்னத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடி மிதந்துகொண்டிருந்தாள். "ஒன்றுமில்லை, போ" என்றாள். பாட்டு முடியும் வரை நீந்தினோம்.

உடை மாற்றும் அறையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் ஷூ நாடாவைக் கட்டினாள். குமட்டுகிறது என்றாள். விளக்கை அணைக்கச் சொன்னாள். பிறகு, "யாரிடமும் சொல்லாதே. சொன்னால் என்னைத் தண்ணீரில் இறக்கமாட்டார்கள், போட்டிக்கான தேர்வு வரப்போகிறது" என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

தோழிக்காகச் செய்த சத்தியம் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் மருத்துவக் குழுவிடம் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். பயிற்சி முழுவதும் வீடியோவில் பதிவாகிறது. கோச் அதை ஓட்டிப் பார்த்தால், தடம் மாறி எங்கோ போய் உதைத்துக்கொண்டிருக்கும் கால் யாருடையது என்று தெரிந்துவிடும். அது ஒன்று. இன்னொன்று, அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் என் தாமதம் அம்பலமாகும். தேர்வு நேரத்தில் எனக்கு அவள் வேண்டும். அவளுடைய தலை எப்படி இருந்தாலும் அவளுடைய தோள் எனக்குத் தேவைப்பட்டது. இவ்வளவு அப்பட்டமாக அன்றைக்கு யோசித்தேனா என்று கேட்டால், வார்த்தைகளாக யோசிக்கவில்லை. ஆனால் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே சாட்சி.

அதன் பிறகு அவள் மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தாள். தலைகீழாக நின்றுவிட்டு மேலே வரும்போது ஏணியைப் பிடித்துக்கொள்வாள். பாட்டின் நடுவில் வரிசை மறந்து ஒரு முறை தவறான பக்கம் திரும்பினாள். அவள் வாழ்க்கையிலேயே அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்திலிருந்த அறிகுறிகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து நின்றன. குலுங்கிய மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் அது முதல் அடியைவிடப் பல மடங்கு மோசமாகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் தினமும் ஒருத்தியை மேலே எறிந்து, அவள் எங்கள் தலைகளுக்கு நடுவே வந்து விழுவதைப் பழகிக்கொண்டிருந்தோம். தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தேசியப் போட்டிக்கான பட்டியல் வந்தது. அவள் எட்டில் ஒருத்தி. நான் மாற்று வீராங்கனை.

மாற்று வீராங்கனைக்கு எல்லோருடைய இடமும் தெரிந்திருக்க வேண்டும். யார் எந்த எண்ணிக்கையில் எங்கே இருப்பாள், யார் யாருடைய பாதத்தைப் பிடிப்பாள் என்பதெல்லாம் மனப்பாடம். பந்தியில் இலை கிடைக்காமல் பரிமாறிக்கொண்டே நிற்பவளுக்கு எந்த இலையில் என்ன குறைகிறது என்று தெரிவதைப் போல, எனக்கு எட்டுப் பேருடைய பலவீனமும் தெரியும். ஏழு பேரிடம் நான் நுழைய வழியே இல்லை. எட்டாவது ஒருத்தியிடம் இருந்தது. அது என் கையில் இருந்தது.

பட்டியல் ஒட்டிய மறுநாள் காலை, மருத்துவக் குழுவைச் சேர்ந்த அத்லெடிக் ட்ரெய்னரின் அறைக் கதவைத் தட்டினேன். அவளுக்குத் தலைவலி, வெளிச்சம் கூசுகிறது, வரிசை மறக்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணீர் உண்மையா நடிப்பா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது. "எப்போதிலிருந்து கவனிக்கிறாய்?" என்று அவர் கேட்டார். "நேற்றிலிருந்து" என்றேன்.

அன்றே அவளைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டார்கள். சந்தேகம் வந்தாலே உடனே நிறுத்த வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கவே கூடாது என்பது விதி. அறிகுறிகள் போக வேண்டும். பிறகு நடை, மெதுவான நீச்சல், கடினமான பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் குறைந்தது 24 மணி நேரம். அவளுக்கு முதல் படிக்கு வரவே வாரக்கணக்கானது. அவ்வளவு நாள் இழுத்ததற்கு, அடிபட்ட பிறகும் ஓய்வில்லாமல் நீந்தியது காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். அவளே என்னிடம் சொன்னாள். அப்படி நீந்திய நாட்களுக்கு நானும் பொறுப்பு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

எட்டாவது இடம் எனக்கு வந்தது.

போட்டியில் அவள் கரையில் அணி ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வரிசையாக நடந்து வந்தபோது கை தட்டினாள். தண்ணீரில் குதித்ததும் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும். வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் இடத்தில், அவள் எண்ணிக்கையில், அவள் பிடிக்க வேண்டிய பாதத்தைப் பிடித்து நீந்தினேன்; வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் நீந்தியதில்லை. பாட்டின் பின்பகுதியில் ஒரு சுழற்சியை முழுசாக முடிக்காமல் விட்டேன். இப்போதைய முறையில் என்னென்ன செய்யப்போகிறோம் என்று கோச் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதியதை அப்படியே செய்யாவிட்டால் அந்தக் கூறின் கடின மதிப்பு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ‘பேஸ் மார்க்’ என்பார்கள். ஒருத்தியின் பிழைக்கு எட்டுப் பேரும் கட்டுகிற அபராதம் அது. பலகையில் எண் வந்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. "கடைசி நேரத்தில் வந்து இவ்வளவு செய்தாயே" என்று கட்டிக்கொண்டார்கள்.

அன்று இரவு அவள் என் அறைக்கு வந்தாள். சத்தியத்தை மீறினாயே என்று சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் நன்றி சொன்னாள். முதலில் கோபம் வந்ததாம். பிறகு யோசித்துப் பார்த்தாளாம். தோழமை கெட்டாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று புரிந்ததாம். ‘நேற்றிலிருந்து’ என்று நான் சொன்ன பொய்கூட, அவள் மறைத்து வைத்த நாட்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது என்று எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திருத்தவில்லை. "பரவாயில்லைடி" என்கிற மாதிரி தோளைத் தட்டிக் கொடுத்தேன். தாமதமாகச் சொன்னதைவிட, இடத்தைப் பறித்ததைவிட, அந்தத் தோளைத் தட்டியதுதான் நான் செய்ததிலேயே கேவலமானது.

எங்கள் அணி அறையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. 2022-ல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அமெரிக்க வீராங்கனை அனிதா ஆல்வரெஸ் தனி நீச்சலின் முடிவில் மயங்கிக் குளத்தின் அடிக்குப் போனார். கோச் ஆந்த்ரேயா ஃபுவெந்தெஸ், பாதுகாவலர்கள் வருவார்கள் என்று காத்திருக்காமல், போட்டிருந்த உடையோடு குதித்து அவரை மேலே கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டும் அவரைக் காப்பாற்றியது அதே கோச்தான். அந்தப் புடாபெஸ்ட் காட்சிதான் படத்தில் இருந்தது. ஆல்வரெஸ் மீண்டு வந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அணியோடு வெள்ளி வென்றார். எங்கள் கோச் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான், சொல்லத் துணிந்தவள் என்று என்னை உதாரணம் காட்டினார். படத்தில் குதிக்கிற கோச் நொடிகளை எண்ணியவர். நான் பட்டியல் வரும் நாளை எண்ணியவள்.

இந்த விளையாட்டில் மதிப்பெண்ணைத் திருத்திய கதை ஒன்று உண்டு. 1992 பார்சிலோனாவில் கனடாவின் சில்வி ஃப்ரெஷெத்துக்கு 9.7 போட நினைத்த நடுவர் ஒருவர் 8.7 என்று அழுத்திவிட்டார். திருத்தப் பார்த்தும் அன்றைக்கு முடியவில்லை. அவருக்கு வெள்ளிதான் கிடைத்தது. மறு ஆண்டு இறுதியில் அவருக்கும் தங்கம் கொடுத்தார்கள். ஏற்கெனவே வென்ற அமெரிக்க வீராங்கனையின் தங்கமும் அவரிடமே இருந்தது. ஒருவரிடமிருந்து எதையும் பறிக்காமல் பிழையைச் சரிசெய்ய முடிந்தது. என் கணக்கை அப்படித் திருத்த வழியில்லை. எனக்குக் கொடுத்த நல்ல பெயரை என்னிடமிருந்து எடுத்தால்தான் அது நேராகும். அதனால்தான் இத்தனை நாளும் நான் அதைத் தொடவில்லை.

பலன் நல்லதுதானே, அவள் பிழைத்தாளே, காரணம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். நானே அந்த வாதத்தை வைத்துப் பல இரவுகள் தூங்கியிருக்கிறேன். அது நிற்காது. நான் முதல் நாளே சொல்லியிருந்தால் அவளுக்குத் தேர்வு தவறியிருக்கும், ஆனால் சீக்கிரம் ஆறியிருப்பாள். நடுவில் கழிந்த நாட்களின் வலி இல்லாமல் போயிருக்கும். அவள் அனுபவித்த அந்த நாட்களுக்குத்தான் என் காரணம் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு எட்டில் இடம் கிடைத்திருந்தால் நான் அந்தக் கதவைத் தட்டியிருப்பேனா? தட்டியிருக்கமாட்டேன். இதைத் தெரிந்துகொண்டு என்னை நல்லவள் கணக்கில் வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

இதைத் தமிழில் எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குத் தமிழ் தெரியாது. கோச்சுக்குத் தெரியாது, ட்ரெய்னருக்குத் தெரியாது. என் குட்டு எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடையாத மொழியில் உட்கார்ந்துகொண்டு நான் மனம் திறக்கிறேன். எனக்கு நஷ்டம் வராத நாளைப் பார்த்துப் பேசினவள், நஷ்டம் வராத மொழியைப் பார்த்து எழுதுகிறாள். ஆக, இதுவும் முழு வாக்குமூலம் ஆகாது.

ஆனால் அம்மா தமிழ் படிப்பாள். இதைப் படித்ததும் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். பிறகு ஃபோன் எடுத்து ஒன்றுதான் கேட்பாள்: "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?" அதற்கு இல்லை என்று அம்மாவிடம் என்னால் சொல்ல முடியாது. அந்தத் தோழிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் மன்னிக்கும் வேலையும் அவள் தலையில் விழும். என் குதிகால் தடம் மாறிய காலை, பட்டியல் வந்த நாள், நான் கதவைத் தட்டிய நாள் மூன்றையும் வரிசையாக எழுதினால் போதும். அவள் எண்ணிக்கையில் கெட்டிக்காரி. மிச்சத்தை அவளே கூட்டிப் பார்த்துக்கொள்வாள்.